வெள்ள மட்டத்துக்கு மேலே

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம், எப்படி இருக்கிறோம் என்பதைப் போகப் போகப் படித்துத் தெரிந்துகொள். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், அதைத் தவிர உன்னிடம் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை, சொல்லத்தான் இருக்கிறது. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ முடிக்கிறாய், நீ விட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மா முடிக்கிறாள். கடிதத்தில் யாரும் குறுக்கே விழ முடியாது. எழுத்து கோணலாகத்தான் வரும், பொறுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் படி.

முதலில் அம்மாவின் முட்டி. அறுவை சிகிச்சை செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது, வீக்கமும் வடிந்துவிட்டது. பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள், வயது சின்னது, வாய் பெரியது. "மடக்குங்கம்மா, இன்னும் கொஞ்சம், ஐயோ அவ்வளவுதானா, நேத்து இதைவிட நல்லா மடக்குனீங்களே" என்று அதட்டுகிறாள், உன் அம்மாவும் இத்தனை வருஷம் என்னிடம் காட்டாத பணிவை எல்லாம் அவளிடம் காட்டி மடக்குகிறாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரை போய் எனக்கு டீயில் சர்க்கரை அதிகம் என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறாள், ஆகையால் ஆள் தேறிவிட்டாள் என்றுதான் அர்த்தம். ஆனால் மாடிப்படி மட்டும் கூடாது, கொஞ்ச நாளைக்கு இல்லை, இனி எப்போதுமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுக்கை அறை மாடியில். கீழே இருப்பது ஹால், சமையலறை, அப்புறம் என் சின்ன ரயில் ஓடுகிற ரயில் அறை. அதனால் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த நாள் முதல் அவள் கட்டில் ஹாலில், வாசல் கதவுக்கு நேராகக் கிடந்தது. பால்காரர் கதவைத் தட்டினாலும் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும், மீட்டர் பார்க்க வருகிறவரும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். "போறவன் வர்றவன் எல்லாம் என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போறான், நான் என்ன பிளாட்பாரம் பெஞ்சா?" என்று ஒரு நாள் கேட்டாள். அதை அவள் உன்னிடம் சொல்லியிருக்கிறாள் என்பது நீ போனில் பேசிய பேச்சில் இருந்து தெரிந்தது.

நீ பேசியதை நான் மறக்கவில்லை. "அந்தப் பொம்மை ரயிலைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு அம்மாவுக்கு ரூமை விடுங்கப்பா. முடியாதுன்னா சொல்லிடுங்க, பிளேன் டிக்கெட் எடுத்து அம்மாவை இங்க கூட்டிட்டு வந்து வச்சுக்கறேன், நீங்க உங்க ரயிலைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்றாய். மாப்பிள்ளை பின்னால் இருந்து மெதுவா பேசு, மெதுவா பேசு என்று சொன்னதும் எனக்குக் கேட்டது, அவர் நல்ல பிள்ளை. நான் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் வைத்ததாக நினைத்திருப்பாய், கோபம்தான், அதை மறைக்க நான் யாருக்கும் பயந்தவன் இல்லை. கிழவன் பெண்டாட்டியை வாசலில் போட்டுவிட்டு விளையாட்டுச் சாமானைக் கட்டிக் காக்கிறான் என்று நீ நினைக்கலாம், உன் தோழிகளிடம் சொல்லலாம், அது உன் இஷ்டம். பொம்மை என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்று உனக்கு அரைகுறையாகத் தெரியும், கேட்கும்போதெல்லாம் நீ கொட்டாவி விட்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்துக்கு மேல் படிக்க வைக்க வீட்டில் வழியில்லை. ரயில்வே பாலப் பிரிவில், பெரியவர்கள் போட்ட வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து மையால் நகல் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். கோடு இழுத்து இழுத்து அந்தக் கோடு ஏன் அங்கே போகிறது என்று கேட்க ஆரம்பித்தேன், சொல்லுவார் இல்லை. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த புத்தகங்களாகப் பார்த்து வாங்கிப் படித்தேன், தபால் மூலம் பரீட்சை எழுதினேன், தோற்றேன், திரும்ப எழுதினேன். இஞ்சினீயர் ஆன பிறகும் என்னை முதுகுக்குப் பின்னால் தபால் இஞ்சினீயர் என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும். ஆனால் வயிற்றுப் பிழைப்புக்காக மட்டும் ரயிலோடு இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. லீவு நாளில் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள், நான் ஸ்டேஷனுக்குப் போவேன். கல்யாணமான புதிதில் உன் அம்மாவை நான் கூட்டிக்கொண்டு போன முதல் இடம் நாலு பக்கம் லைன் பிரிகிற ஒரு ஜங்ஷன். காலையில் இருந்து பொழுது சாயும் வரை அந்தப் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தோம், எந்த ரயிலிலும் ஏறவில்லை. "எந்த ஊருக்கும்மா போகணும், எல்லா வண்டியையும் விட்டுட்டீங்களேன்னு போர்ட்டர் கேட்டான், மானம் போச்சு" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள்.

பெரிய ஆற்றுப் பாலம் என் கையால் கட்டியது. கணக்கு என்னுடையது, தூண் எழும்பியபோது வெயிலில் நின்றவன் நான். திறப்பு விழா மேடையில் எனக்கு நாற்காலி இல்லை. வருத்தம் இல்லை என்று சொல்ல மாட்டேன், வருத்தம்தான், இன்றைக்கும்தான். ஆனால் விழாவுக்கு முன்னால் பாரச் சோதனை என்று ஒன்று உண்டு. இருப்பதிலேயே கனமான இஞ்சின்களைக் கோத்துப் பாலத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். பாரம் ஏறினால் கர்டர், தண்டவாளத்தைத் தாங்குகிற அந்த இரும்பு உத்தரம், கீழே தாழும், தாழாத கர்டர் உலகத்தில் இல்லை, பார்க்க வேண்டியது அது இல்லை. இஞ்சின் போன பிறகு அது பழைய இடத்துக்குத் திரும்பி வருகிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த நேரம் கட்டியவன் பாலத்துக்கு அடியில் நிற்க வேண்டும் என்பது எங்கள் பிரிவில் ஒரு பழக்கம். எந்தச் சட்டத்திலும் இல்லை, எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி நின்றார், அதனால் நானும் நின்றேன். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு உன் அம்மா கரையில் நின்று என்னைத் திட்டிய திட்டு இஞ்சின் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. "பாலம் மேல போறதுக்குத்தானே, அடியில நிக்கறதுக்கா?" என்று அன்றைக்குச் சாயங்காலம் வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கர்டர் தாழ்ந்தது, திரும்பி வந்தது. அந்தப் பாலத்தைத்தான் தகரத்தில் வெட்டி, மழுங்கிய ஊசியால் ஒவ்வொரு ரிவெட் ஆணிக்கும் ஒரு புள்ளியாகக் குத்தி அந்த அறையில் நிறுத்தியிருக்கிறேன். மேடையில் எடுத்த போட்டோவில் நான் இல்லை. இதில் இருக்கிறேன். இதற்குப் பெயர் பொம்மை இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ போன் பண்ணிய மறுநாள் உன் அம்மாவிடம் நேராகவே கேட்டேன், உனக்கு அங்கே போக வேண்டுமா என்று. "கூப்பிடறா" என்றாள். போகிறேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. ரயில் அறையைக் காலி பண்ணுங்கள் என்றும் அவள் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை, அதையும் நீ தெரிந்துகொள். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் தெம்பு வந்திருக்கும். சொல்லாமல் அந்தக் கட்டிலில் வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். ஒருத்தி நம்மை விட்டுப் போனாலும் போவாள் என்று தெரிந்துகொண்டு அவளுக்கு டீ போட்டுக் கொடுப்பது ஒரு தினுசான களைப்பு, அது உனக்கு இந்த வயதில் புரியாது, புரியவும் வேண்டாம்.

பரணில் போட முடியாது என்று நான் சொன்னது வீம்புக்கு இல்லை. கழற்றினால் அந்தப் பாலம் பாலமாகத் திரும்பாது, தகரமாகத்தான் திரும்பும். ஆனால் அந்த அறையில் ரயில் தரைக்குப் பக்கத்தில்தான் ஓட வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? மேலே தூக்கிவிட்டால் அடியில் கட்டில் போகும். அப்படி நினைத்ததும் நம்ம தச்சரைக் கூப்பிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், ரசமட்டம் என்று பெயர் வைத்தோமே, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு வருவார், வெளியில் எடுக்கவே மாட்டார், எல்லாம் கண் பார்வைதான். சுவரில் இரும்புத் தாங்கிகளை அடித்து அதன் மேல் பலகை, பலகை மேல் தண்டவாளம் என்று ஏற்பாடு. கதவுப் பக்கம் வழி வேண்டும் என்பதால் முன்போல வட்டமாக ஓட முடியாது, மூன்று சுவரை ஒட்டிப் போய்த் திரும்ப வேண்டியதுதான், இரண்டு முனையிலும் ஒரு ஸ்டேஷன். அம்மாவுக்குக் காற்று வேண்டும் என்பதால் கட்டில் ஜன்னலை ஒட்டி. ஜன்னலுக்குக் குறுக்கே பலகை அடித்தால் வெளிச்சம் போய்விடும், ஆகவே அந்த இடத்தைப் பாலம்தான் தாண்ட வேண்டும். எல்லாம் சரியாக வந்தது. கட்டிலைப் போட்டுப் பார்த்து, அதில் நானே படுத்துப் பார்த்து, நெஞ்சுக்கு மேல் கையை நீட்டி இடைவெளியும் அளந்து குறி போட்டேன். ரசமட்டம் தாங்கிகளை எல்லாம் அடித்து முடித்துக் கையைத் துடைக்கிற நேரம் உன் அம்மா வாக்கரைத் தட்டிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். பாலம் வரப் போகிற இடத்தைப் பார்த்தாள். அது அவள் காதுக்கு நேராக இருந்தது. "ஏங்க, நான் எழுந்து உக்கார வேண்டாமா? இல்ல, கடைசி வரைக்கும் படுத்தே கிடப்பேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாள். ரசமட்டம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. அப்புறம் அடக்க முடியாமல், "ஆத்துல எவ்வளவு வெள்ளம் வந்தாலும் இடிக்கக் கூடாதுன்னு பாலம் கட்டுவீங்களே சார், அம்மா எழுந்திரிக்கறதுக்கு இடம் விடலையே" என்றார். அந்த ஆளுக்கு நான் பதில் சொல்லியிருப்பேன், ஆனால் அவர் சொன்னது சரி. ஆற்றில் இதுவரை வந்த பெரிய வெள்ளம் எது என்று கேட்டுத் தூணில் கோடு போட்டு, அதற்கு மேலும் இடம் விட்டுத்தான் கர்டரை வைப்போம். படுத்தவளை அளந்தேனே தவிர எழுந்தவளை அளக்கவில்லை.

உன் அம்மாவை நிமிர்ந்து உட்காரச் சொல்லி அவள் தலை உச்சிக்கு நேராகச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். "கொண்டையையும் சேர்த்துப் போடுங்க" என்றாள், சேர்த்தேன். அந்த இடத்தில் மட்டும் தூக்கிவிட்டுப் போகலாமே என்றார் ரசமட்டம். ரயில் அப்படி ஏறாது, உன் அம்மாவின் முட்டிக்கும் ரயிலுக்கும் அந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. அடித்த தாங்கி அத்தனையையும் பிடுங்கி, மூன்று சுவரிலும் மறுபடி துளை போட்டு உயர்த்தினோம். பழைய துளைகள் இன்னும் அடைக்காமல் சுவரில் வரிசையாக இருக்கின்றன, உன் அம்மா வருகிறவர்களுக்கு எல்லாம் காட்டுகிறாள். சுவரில் ஏற முடியாததை ரம்பத்தால் அறுத்து எடுத்தோம். மலை போனது, சரக்கு யார்டு போனது, நீ சின்ன வயதில் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பாயே அந்தக் கைகாட்டியும், அது நின்ற மேட்டோடு போனது. கைகாட்டியை மட்டும் கழற்றி எடுத்து வைத்திருக்கிறேன், குட்டிக்கு வேண்டுமானால் கேட்டு எழுது. ரம்பத்தை ரசமட்டம்தான் பிடித்தார். நான் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வாரம் தோளைத் தூக்க முடியவில்லை. ரயிலைக் கலைத்துவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாதே. நான் கலைக்கவில்லை, உயர்த்தியிருக்கிறேன். நீ சொன்னதற்காகச் செய்ததாகவும் நினைத்துக்கொள்ளாதே.

எல்லாம் முடிந்து பாலத்தையும் ஏற்றியபின் உன் அம்மா அந்தக் கட்டிலில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ராத்திரி அது தலையில் விழாது என்று என்ன நிச்சயம் என்றாள். கணக்குப் போட்டிருக்கிறேன் என்றேன். "உங்க கணக்கு என் மண்டைக்குத் தெரியுமா? அன்னைக்கு ஆத்துல அடியில போய் நின்னீங்களே, இன்னைக்கும் நில்லுங்க. நின்னா இடிக்கும், படுங்க" என்றாள். நியாயம்தான். வைத்திருக்கிற இஞ்சின் அத்தனையையும், ஓடாத பழையதையும் சேர்த்துக் கோத்து, வண்டிகளில் ஆணியும் திருகும் நிரப்பி ஒரு முனை ஸ்டேஷனில் நிறுத்தினேன். கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தேன். படுத்த பிறகுதான் தெரிந்தது, ஓட்டுவதற்கு ஆள் இல்லை. ரசமட்டம் கூலி வாங்கிக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருஷத்தில் அந்தக் கன்ட்ரோல் பெட்டியை நான் யாரிடமும் கொடுத்தது இல்லை, உன் அம்மா கேட்டதும் இல்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். மெதுவாக, மெதுவாகத் திருப்பு என்றேன். "படுத்திருக்கிறவர் பேசக் கூடாது" என்று சொல்லி ஒரேயடியாகத் திருப்பிவிட்டாள். வண்டி தடதடவென்று வந்து என் மூக்குக்கு நேராகப் பாலத்தில் ஏறியது. அடிப்பக்கத்தில் இருந்து அந்தப் பாலத்தை நான் பார்த்ததே இல்லை, அங்கே பெயின்ட் அடிக்காமல் விட்டிருக்கிறேன், தகரம் தகரமாகவே தெரிந்தது. நடுவில் கொஞ்சம் தாழ்ந்தது. கடைசி வண்டி இறங்கியதும் மேலே வந்தது. நிறுத்து, முட்டப் போகிறது என்று நான் கத்த, அவள் அடுத்த ஸ்டேஷனில் தண்டவாளம் முடிகிற இடத்து அணை கட்டைக்கு ஒரு விரல் இடைவெளி விட்டு நிறுத்தினாள். "அந்த ஜங்ஷன்ல உக்கார வச்சீங்களே, சும்மாவா உக்காந்திருந்தேன், பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். அப்புறம் அதைப் பின்னுக்கு ஓட்டினாள், மறுபடி முன்னுக்கு ஓட்டினாள். இறங்குகிறேன், போதும் என்றேன். இன்னும் ஒரு தடவை என்றாள். எனக்கு எழுந்திருக்கத் தெம்பும் இல்லை. அந்தச் சத்தத்திலேயே கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது என் மேல் போர்வை கிடந்தது, அவள் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அந்த அறை அவளுடையது. பெட்டி அவள் தலைமாட்டில் இருக்கிறது, எனக்கு வேண்டுமென்றால் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும்.

அவள் உன்னிடம் வருகிற பேச்சு அதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். நேற்று மத்தியானம் அவளே சொன்னாள், முட்டி இன்னும் கொஞ்சம் பலப்படட்டும், போய்க் குட்டியைப் பார்த்து உன்னோடும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று. வாசலில் கிடந்து கோபித்துக்கொண்டு போவது வேறு, தன் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவது வேறு என்றாள். நான் வரவில்லை. தண்டவாளம் இல்லாத வழியில் நான் இதுவரை போனதில்லை, இனியும் போக மாட்டேன், இதைப் பற்றி மாப்பிள்ளையைப் பேச வைக்காதே. டீயில் சர்க்கரையை நானே குறைத்துக்கொள்கிறேன். அவளைப் படி இல்லாத அறையில் வை, குளியலறையில் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி அடி, எழுந்து நிற்கிறவளை அளந்து அடி. குட்டியை அவள் மடியில் ஏறிக் குதிக்க விடாதே. நீயும் வேலை வேலை என்று ஓடாமல் சாப்பிடுகிற நேரத்துக்குச் சாப்பிடு. உன் குரலில் போன தடவை சளி இருந்தது.

நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், என் கோபத்தையும் சேர்த்துத்தான் இந்த வாழ்த்து. அம்மாவும் தன் ஆசியை எழுதச் சொன்னாள். கூடவே உனக்கு ஞாபகப்படுத்தச் சொல்லி அவள் சொன்னதை மாற்றாமல் அப்படியே எழுதுகிறேன், "போறதுக்கு மட்டும் டிக்கெட் எடுக்கப் போறா, திரும்பறதுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்க." மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா